முறையும் வரிசையும்

ஓய்வை விலைக்கு வாங்கிப் பத்திரம் பதிந்து பெட்டியில் பூட்டி வைக்கலாம் என்னும் எண்ணம் வணிக உலகில் தோன்றி ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆகின்றன. டைம்ஷேர் என்று உலகெங்கும் வழங்கும் அந்த வணிகத்தைத் தமிழில் காலப்பங்கு எனலாம். ஒரு விடுதி அறையை ஆண்டின் 52 வாரங்களாகக் கூறு போட்டு, ஒவ்வொரு கூறையும் ஒரு குடும்பத்துக்கு விற்பதே அதன் அடிப்படை. வாங்குபவர் முதலில் ஒரு பெருந்தொகையைக் கொடுக்கிறார். பிறகு ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்துகிறார். அதற்கு ஈடாக ஆண்டில் ஒரு வாரம் அவருடையது.

இவ்வணிகம் எந்த நாட்டில் நடந்தாலும் அங்கிருந்து எழும் முறையீடு ஒன்றாகவே இருக்கிறது. பணம் கட்டியாயிற்று, இன்னும் கட்டிக்கொண்டும் இருக்கிறோம், ஆனால் வேண்டிய நாளில் அறை கிடைப்பதில்லை என்பதே அது. எல்லோரும் ஒரே நாளில் வர விரும்பினால் யார்தான் என்ன செய்ய முடியும் என்று விற்றவர்கள் கேட்கிறார்கள். இக்கேள்வியில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. புதிதாக வருபவரை ஈர்க்கவும், பழையவரை மேலும் வாங்கவைக்கவும் தரப்படும் சலுகைகளில் பெரும்பாலானவை, ஏற்கெனவே வாங்கியவர்களின் அறையிலிருந்தோ வரிசையில் அவர்கள் நின்ற இடத்திலிருந்தோதான் எடுத்துத் தரப்படுகின்றன. இத்தொழிலின் வரலாற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் இது தெளிவாகும்.

வாரம் சொத்தாக இருந்த காலம்

1963ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் ஹாப்பிமாக் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. விடுமுறை இல்லங்கள் நிறுவனத்தின் உடைமை. நிறுவனத்தின் பங்குகளை வாங்கியவர்கள் ஆண்டுதோறும் தமக்குக் கிடைக்கும் புள்ளிகளைக் கொண்டு அவ்வில்லங்களில் தங்குவார்கள். அதே பத்தாண்டில் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையிலுள்ள சூப்பர் தெவொலுயி என்னும் பனிச்சறுக்குத் தலத்தில், மார்செய் நகரக் கட்டுமான நிறுவனம் ஒன்று வேறொரு வழியைக் கண்டது. அறையை வாடகைக்கு எடுப்பதைக் காட்டிலும் விடுதியையே வாங்கிவிடுவது மலிவு என்பது அதன் விளம்பரத்தின் சாரம். 1969இல் ஹவாயின் கவாய் தீவில் இம்முறை அமெரிக்க மண்ணில் கால் வைத்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, ஃபுளோரிடாவில் கட்டி முடித்தும் விலைபோகாமல் கிடந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இது நல்ல புகலிடமாயிற்று. முழு வீட்டை வாங்க ஆளில்லாத காலத்தில், அதே வீட்டை வாரம் வாரமாக ஐம்பது பேருக்கு விற்கலாம் என்று கட்டுநர்கள் கண்டுகொண்டனர்.

தொடக்ககாலப் பத்திரங்களில் அறை எண்ணும் வார எண்ணும் குறிக்கப்பட்டிருந்தன. இந்த அறை, ஆண்டின் 26ஆம் வாரம், இன்னாருக்கு உரியது என்பதற்கு மேல் அவற்றில் சிக்கல் இல்லை. முன்பதிவு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. உரியவர் வரலாம், வராமல் உறவினருக்குக் கொடுக்கலாம், வாடகைக்கும் விடலாம். அடுத்த அறை விற்றதா விற்கவில்லையா என்பது அவரைத் தீண்டாது.

இவ்வேற்பாட்டுக்குத் தமிழில் பொருத்தமான சொல் ஒன்று உண்டு. ஏரிப் பாசனத்தில் இன்று இவர் வயலுக்கு, நாளை அவர் வயலுக்கு என்று தண்ணீர் பகிர்வதையும், கோயில் பணியில் இந்த மாதம் இவர் குடும்பம், அடுத்த மாதம் அவர் குடும்பம் என்று மாறிவருவதையும் முறை என்கிறோம். நீதிக்கும் முறை என்றே பெயர். தன் முறை எப்போது வரும் என்று ஒருவர் முன்னதாகவே அறிந்திருப்பதும், அதை மற்றொருவர் எடுத்துக்கொள்ள இயலாதிருப்பதும் இச்சொல்லின் இரு பக்கங்கள். முதற்காலக் காலப்பங்கு இந்தப் பொருளில் முறையாகவே இருந்தது.

மாற்றுச் சந்தையும் புள்ளியும்

முறையில் குறையும் உண்டு. ஆயுள் முழுவதும் ஒரே வாரத்தில் ஒரே அறைக்குச் செல்வது எளிதில் சலித்துவிடும். பிள்ளைகளின் பள்ளி நாள்காட்டி மாறும், உடல்நலம் மாறும். இக்குறையைத் தீர்க்க 1974இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஆர்.சி.ஐ. என்ற பரிமாற்ற நிறுவனம் தோன்றியது. 1976இல் மயாமியில் இண்டர்வல் இண்டர்நேஷனல் வந்தது. தன் வாரத்தைப் பொதுக் களஞ்சியத்தில் ஒப்படைத்துவிட்டு, மற்றொருவர் ஒப்படைத்த வாரத்தைப் பெறலாம். கடற்கரையில் வாங்கியவர் மலைக்குப் போகலாம். விற்பனையாளருக்கும் இது வரப்பிரசாதமாயிற்று. இதன்பின் அவர் ஓர் அறையை விற்கவில்லை, உலகத்தையே விற்றார்.

ஆனால் களஞ்சியம் என்று ஒன்று வந்தவுடன் அதன் வாசலில் வரிசை வந்தது. வரிசை வந்தவுடன் அதை ஒழுங்குபடுத்துபவர் வந்தார். முன்பு பத்திரம் தீர்மானித்ததை இப்போது களஞ்சியக்காரர் தீர்மானித்தார். அடுத்த கட்டமாக, குறிப்பிட்ட வாரத்துக்குப் பதில் ஒரு பருவத்துக்குள் ஏதேனும் ஒரு வாரம் என்னும் மிதக்கும் வாரங்கள் விற்கப்பட்டன. அதற்கும் அடுத்த கட்டம் புள்ளி. 1991இல் டிஸ்னி நிறுவனம் தன் விடுமுறைச் சங்கத்தைப் புள்ளி முறையிலேயே தொடங்கியது. 1984இல் இத்தொழிலுக்குள் வந்து நெடுங்காலம் வாரங்களையே விற்றுவந்த மாரியட், 2010இல் புள்ளிக்கு மாறியது.

புள்ளி முறையில் உரிமையாளரிடம் இருப்பது அறையுமன்று, வாரமுமன்று. பெரும்பாலும் வரிசையில் நிற்கும் தகுதியே. வாரம் முற்றாக வரிசையாக மாறிய இடம் இதுதான். அறையைக் கொடுத்தால் நிறுவனத்திடம் ஓர் அறை குறையும். வரிசையில் முன்னிடம் கொடுத்தால் நிறுவனத்திடம் ஒன்றும் குறைவதில்லை. பின்னால் நிற்பவர்களுக்கே குறைகிறது. செலவில்லாமல் கொடுக்கத்தக்க பரிசு ஒன்று விற்பனைத் துறையின் கையில் சிக்கியது.

ஒரு சிறு கணக்கு

இதை விளங்கிக்கொள்ளக் கற்பனையாக ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். நூறு அறைகள். பழுது பார்க்க ஒரு வாரம் போக, ஆண்டுக்கு 51 வாரங்கள். விற்கத்தக்கவை 5,100 வாரங்கள். உரிமையாளரும் 5,100 பேர். இவற்றுள் பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ் போன்ற பத்து வாரங்களில்தான் கூட்டம். அப்போது உள்ளவை ஆயிரம் இடங்கள்.

பழைய முறையில் அந்த ஆயிரம் இடங்களுக்கும் ஆயிரம் பேர் கூடுதல் விலை கொடுத்திருப்பார்கள். மீதி 4,100 பேருக்கும் தமக்கு அது இல்லை என்பது வாங்கும் நாளிலேயே தெரியும். புள்ளி முறையில் 5,100 பேரும் அந்த ஆயிரத்தை நம்பலாம். அவ்வாறு நம்பும்படி சொல்லித்தான் விற்கப்பட்டது. இப்போது அந்த ஆயிரத்தில் நூறு இடங்கள் விற்பனைக் கூட்டத்துக்கு அழைத்துவரப்படும் விருந்தினருக்கும், நூற்றைம்பது வெளியாருக்கு வாடகைக்கும் போகின்றன என்று கொள்வோம். எஞ்சுவது 750. அதிலும் அதிகப் புள்ளி வாங்கியவர்கள் ஒரு மாதம் முன்னதாகவே நுழையலாம் என்றால், கதவு திறக்கும் நாளில் சாதாரண உரிமையாளருக்கு மிஞ்சுவது எவ்வளவு? ஆண்டு முழுவதற்குமான கூட்டலில் மட்டும் பிழை வராது. செப்டம்பரில் அறைகள் காலியாகவே கிடக்கும்.

சலுகைகளின் ஊற்றுக்கண்

காலப்பங்கை வாங்க வேண்டும் என்று எண்ணிக் கடைக்குப் போகிறவர் அரிது. தேடிப் பிடித்து விற்க வேண்டிய பொருள் இது. அமெரிக்காவில் விற்பனை விலையில் ஏறத்தாழப் பாதி விற்கும் செலவுக்கே போய்விடுகிறது. தொண்ணூறு நிமிட விளக்கக் கூட்டத்துக்கு வரச் சம்மதித்தால் பரிசு, காலை உணவு, கேளிக்கைப் பூங்கா நுழைவுச் சீட்டு, குறைந்த கட்டணத்தில் மூன்று இரவுத் தங்கல். விற்பனையாளர்களில் பெரும்பாலோர் கமிஷனை நம்பியே வாழ்கிறார்கள். விற்காத நாளில் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவதும் ஐயம். இவர்களை வில்லன்களாக்கிவிட்டுத் தப்பித்துக்கொள்வது எளிது. ஆனால் அதனால் ஏற்பாடு விளங்காது.

சலுகைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முதலாவது, மேற்சொன்ன மலிவுத் தங்கல். விருந்தினருக்கு விடுதியைக் காட்ட வேண்டுமானால் விடுதியிலேயே தங்கவைப்பது சிறப்பு. அவ்வறைகள் நிறுவனம் இன்னும் விற்காமல் வைத்திருக்கும் பங்கிலிருந்து வருவதாகக் கணக்கு. எனினும் அந்தப் பங்குக்கு எந்தத் தேதிகள் ஒதுங்குகின்றன என்பதைத் தீர்மானிக்கும் முன்பதிவுப் பொறி அதே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மூன்று இரவுத் தங்கல் ஒரு முழு வாரத்தின் நடுவே விழுந்தால், எஞ்சிய நான்கு நாள்கள் வாரம் முழுதும் தங்க நினைத்தவருக்குப் பயன்படா.

இரண்டாவது, இன்றே கையெழுத்திட்டால் கிடைக்கும் ஒருமுறைப் புள்ளிகள். புதிதாகச் சேர்ந்தவர் கை நிறையப் புள்ளியோடு முதலாண்டிலேயே வரிசைக்கு வருகிறார். அவ்வாண்டில் அறைகளின் எண்ணிக்கை கூடிவிடுவதில்லை.

மூன்றாவது, படிநிலை. மாரியட்டின் வார முறையில் இரு வாரங்களைச் சேர்த்து முன்பதிவு செய்பவர் 13 மாதங்களுக்கு முன்பே செய்யலாம். ஒரு வாரம் மட்டும் உடையவர் 12 மாதங்களுக்கு முன்புதான். விண்டம் நிறுவனம் தன் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் உறுப்பினர்களுக்கு, தங்கும் நாளுக்கு முந்தைய அறுபது நாள்களுக்குள் செய்யும் பதிவுகளில் முறையே 25, 35, 50 விழுக்காடு புள்ளித் தள்ளுபடி அளித்து வந்தது. இதன் விளைவு சுவையானது. சிலர் நல்ல நாள்களை முன்கூட்டியே பிடித்துவைத்து, அறுபது நாளுக்குள் வந்ததும் விட்டுவிட்டு, அதே அறையைப் பாதிப் புள்ளியில் மீண்டும் பிடித்து வெளியாருக்கு வாடகைக்கு விட்டனர். அந்த ஓட்டை பின்னர் அடைக்கப்பட்டது. ஆனால் மேற்படிக்கு ஏறியவருக்குக் கிடைத்த அறை, கீழ்ப்படியில் நின்றவருக்குக் கிடைக்காமல் போன அறை என்பது மாறவில்லை.

நான்காவது, காலப்பங்கைப் பிற இன்பங்களாக மாற்றிக்கொள்ளும் வசதி. வாரத்தைக் கொடுத்து ஓட்டல் புள்ளியோ கப்பற் பயணமோ பெறலாம். மாரியட்டில் இவ்வசதி நிறுவனத்திடமே நேரில் வாங்கியவர்களுக்கு மட்டும் உண்டு. விற்பனை மேசையில் இது ஒரு பெரிய கவர்ச்சி. அவ்வாறு சரணடைந்த வாரத்தை நிறுவனம் வெளியாருக்கு வாடகைக்கு விட்டு ஈடு செய்துகொள்கிறது. வாடகை நன்றாக வரும் நாள்களும் உரிமையாளர்கள் விரும்பும் நாள்களும் ஒன்றே.

ஐந்தாவது, பழைய உரிமையாளரிடமிருந்து மலிவாக வாங்குபவரைத் தடுப்பது. டிஸ்னி சங்கத்தில் சொந்த விடுதிக்கு 11 மாதங்களுக்கு முன்பும், பிற விடுதிகளுக்கு 7 மாதங்களுக்கு முன்பும் பதிவு செய்யலாம் என்ற விதி உண்டு. ஒப்பிட்டுப் பார்த்தால் இது சீரான விதி. ஆனால் 2019 ஜனவரி முதல், பழைய விடுதிகளின் புள்ளிகளை மறுவிற்பனையில் வாங்கியவர்கள் அவற்றைப் புதிய ரிவியரா விடுதியில் பயன்படுத்த முடியாது என்று ஆயிற்று. நேரடி விற்பனைக்கு இது ஊக்கம். தன் உரிமையை விற்க நினைக்கும் பழைய உறுப்பினருக்கோ, அவர் பொருளின் மதிப்பில் ஒரு கீறல்.

இவை அனைத்தும் ஒரு வட்டமாக முடிகின்றன. 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப்பின், புதியவரைத் தேடுவதைவிடப் பழையவருக்கே மேலும் விற்பது சிக்கனம் என்று நிறுவனங்கள் கண்டன. பல பெரிய நிறுவனங்களில் இன்று விற்பனையில் பாதிக்கு மேல் ஏற்கெனவே உரிமையாளரானவர்களிடமே நடக்கிறது. விடுதிக்கு வந்திறங்கும் உரிமையாளரைத் தகவல் சொல்லவென்று ஒரு கூட்டத்துக்கு அழைக்கிறார்கள். அறை கிடைப்பதில்லையே என்று அவர் குறைப்படுகிறார். உங்களிடம் புள்ளி போதாது, இன்னும் சிறிது வாங்கி மேற்படிக்கு வந்தால் கிடைக்கும் என்று பதில் வருகிறது. நோயை உண்டாக்கியவரே மருந்தும் விற்கிறார். பற்றாக்குறை இவ்வணிகத்தின் பக்கவிளைவாகத் தொடங்கி, நாளடைவில் அதன் சரக்காகவே மாறிவிட்டது. இந்த மேசைகளில் முதியவர்கள் ஏமாற்றப்படுவதை உள்ளிருந்தே புகார் செய்து வேலையிழந்த விண்டம் ஊழியர் ஒருவருக்கு, 2016 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ நடுவர் குழு 2 கோடி டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது.

மன்ஹாட்டன் கிளப்

இதுகாறும் சொன்னவை அனைத்தும் ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்ததற்கு நியூயார்க்கின் மன்ஹாட்டன் கிளப் சான்று. கார்னகி அரங்கத்துக்கு அருகே, நகரத்தின் நெஞ்சுப் பகுதியில் 1990களில் தொடங்கப்பட்ட காலப்பங்கு விடுதி அது. நியூயார்க்கில் நமக்கென்று ஓர் அறை என்ற கனவுக்கு ஆயிரக்கணக்கானோர் பணம் கொடுத்தனர். வேண்டியபோது எளிதில் முன்பதிவு செய்யலாம் என்று சொல்லி விற்கப்பட்டது. நடைமுறையில் பல மாதங்களுக்கு முன்பே முயன்றும் உரிமையாளர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அதே வேளையில் அவ்வறைகள் சாதாரண ஓட்டல் அறைகளைப் போலப் பொதுமக்களுக்கு வாடகைக்கு விடப்பட்டன. பராமரிப்புக் கட்டணமோ ஏறிக்கொண்டே போயிற்று.

மாநிலத் தலைமை வழக்குரைஞர் அலுவலகம் விசாரணை தொடங்கியது. வாங்குபவர்களைப் போல் வேடமிட்டுச் சென்றும் விற்பனைப் பேச்சைக் கேட்டது. 2014இல் நீதிமன்ற ஆணையால் விற்பனை நிறுத்தப்பட்டது. 2017 ஆகஸ்டில் எட்டிய உடன்படிக்கையின்படி, நிறுவனத்தார் 65 லட்சம் டாலர் கொடுக்கவும் கிளப்பின் நிர்வாகத்திலிருந்து விலகவும் நேர்ந்தது. விற்றவரே நிர்வாகத்தையும் முன்பதிவையும் வாடகையையும் கையில் வைத்திருந்ததால்தான் இத்தனையும் இயன்றது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

பரிமாற்றக் களஞ்சியங்களும் இதே கேள்வியை எதிர்கொண்டன. உறுப்பினர்கள் ஒப்படைத்த நல்ல வாரங்களை ஆர்.சி.ஐ. வெளியாருக்கு வாடகைக்கு விடுவதால் உறுப்பினருக்குக் கிடைப்பது குறைகிறது என்று 2006இல் நியூ ஜெர்சி கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. அது சமரசத்தில் முடிந்தது.

சட்டம் பார்த்ததும் பாராததும்

சட்டங்கள் இல்லாமல் இல்லை. ஃபுளோரிடா 1981இலேயே தனிச் சட்டம் இயற்றியது. பிரிட்டன் 1992இலும், ஐரோப்பிய ஒன்றியம் 1994இலும் பிறகு 2008இலும் விதிகள் வகுத்தன. கையெழுத்திட்டபின் மனம் மாறினால் விலகிக்கொள்ள ஃபுளோரிடாவில் 10 நாள்களும், ஐரோப்பாவின் 2008ஆம் ஆண்டு விதிப்படி 14 நாள்களும் உண்டு. இவை நல்லவை. ஆனால் இவை காப்பது வாங்கும் கணத்தை மட்டுமே. அறை கிடைக்கவில்லை என்பது பதினைந்தாம் நாளில் தெரிவதில்லை. அடுத்த ஆண்டு கிறிஸ்துமசுக்கு முயலும்போதுதான் தெரியும்.

உள்ள இரவுகளுக்கு மேல் உரிமைகளை விற்கக் கூடாது, ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் காக்கப்பட வேண்டும் என்றும் ஃபுளோரிடா சட்டம் சொல்கிறது. மேலே கண்ட கற்பனை விடுதி இவ்விதியை மீறவே இல்லை என்பதை வாசகர் நினைவுகூர வேண்டும். விகிதம் ஆண்டின் மொத்தத்தைப் பார்க்கிறது. மனிதர்கள் வாழ்வது நாள்காட்டியின் தேதிகளில்.

தொழில் தரப்பின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். காலியாகக் கிடக்கும் அறையை வாடகைக்கு விடுவதில் தவறில்லை. அவ்வருவாய் உரிமையாளர் சங்கத்துக்கே வந்தால் பராமரிப்புக் கட்டணம் குறையவும் கூடும். விற்பனை நின்றுவிட்டால் புதிய விடுதிகளும் வாரா. புள்ளி முறையும் தன்னளவில் குற்றமுடையதன்று. ஹாப்பிமாக் தொடக்கத்திலிருந்தே புள்ளியைத்தான் வழங்கியது. ஆனால் அங்கே புள்ளி வைத்திருப்பவர்களே பங்குதாரர்கள். வரிசை யார் கையில் இருக்கிறது என்பதுதான் வேற்றுமை.

நம் பக்கம்

இந்தியாவில் இவ்வணிகத்தைப் பெரிய அளவில் பரப்பிய இரு நிறுவனங்களின் தொடக்கமும் சென்னையோடு தொடர்புடையது. 1986இல் ஸ்டெர்லிங் தோன்றியது. கொடைக்கானல் ஏரிக்கரையும் உதகையும் நடுத்தர வர்க்கத்தின் விடுமுறைக் கனவில் இடம்பெற அதற்கும் பங்குண்டு. 1996இல் மகிந்திரா ஹாலிடேஸ் வந்தது. அதன் புகழ்பெற்ற திட்டத்தில் 25 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஏழு நாள்கள். பருவங்களுக்கு ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறங்கள். இங்கு எண்ணிட்ட அறை என்று ஒன்று தொடக்கத்திலேயே இல்லை. உலகம் முப்பதாண்டுகளில் வாரத்திலிருந்து வரிசைக்கு வந்தது என்றால், நாம் ஏறக்குறைய வரிசையிலிருந்தே தொடங்கினோம் எனலாம்.

கணக்கேட்டில் ஒரு மாற்றம் இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. முன்பெல்லாம் உறுப்பினர் கட்டணத்தில் கணிசமான பகுதியைச் சேர்ந்த ஆண்டிலேயே வருமானமாகக் காட்டிக்கொள்ள இயன்றது. சேவை 25 ஆண்டுகளுக்கு. வருமானமோ பெருமளவு இன்றைக்கு. 2018 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கு நெறி 115இன்படி, அது உறுப்பினர் காலம் முழுவதற்கும் பரப்பிக் காட்டப்பட வேண்டியதாயிற்று. இது தாளில் நிகழ்ந்த மாற்றமே. எனினும் புதியவரைச் சேர்ப்பதற்குக் கிடைத்த வெகுமதியையும் பழையவரைப் பேணுவதற்குக் கிடைத்த வெகுமதியையும் ஓரளவு சமப்படுத்திய மாற்றம் அது. சட்டப் புத்தகம் செய்யாததைச் சில வேளைகளில் கணக்குப் புத்தகம் செய்துவிடுகிறது.

இந்தியாவில் காலப்பங்குக்கென்று தனிச்சட்டம் இல்லை. குறையுடையவர் நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் தட்ட வேண்டும். தனிச்சட்டம் ஒன்று வருமானால், விலகும் நாள்களின் எண்ணிக்கையோடு அது நின்றுவிடக் கூடாது. நெரிசல் நாள்களில் எத்தனை அறைகள் உறுப்பினருக்குத் திறக்கப்பட்டன, எத்தனை விற்பனை விருந்தினருக்கும் வாடகைக்கும் போயின என்ற கணக்கை ஆண்டுதோறும் உறுப்பினர் முன் வைக்கச் சொல்ல வேண்டும். முன்பதிவுப் பொறியை விற்பனைத் துறையிடமிருந்து பிரிக்க வேண்டும். தண்ணீர் முறை பிரிப்பவரே தண்ணீரை விற்பவராகவும் இருந்தால் கடைமடைக்கு என்ன நேரும் என்பது உழவருக்குத் தெரியும். விடுதி வாசலில் நிற்கும் உரிமையாளரும் கடைமடைக்காரரே. பராமரிப்புக் கட்டணச் சீட்டு மட்டும் அவருக்கு ஆண்டு தவறாமல் வந்துசேர்கிறது.